இழுவை குறைந்த லாரி: செலவுக்கு முன் சோதனை

கடனில் வாங்கிய லாரி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே, வண்டி நிற்கையில் எஞ்சின் குலுங்குவதும், மும்பை–நாசிக் சாலையின் கசாரா மலைப்பாதை போன்ற ஏற்றங்களில் இழுவை குறைவதும் தெரிந்தவுடனே இன்ஜெக்டரையோ டர்போவையோ மாற்ற இசைய வேண்டாம் என்றே வாடிக்கையாளர்களுக்குக் கூறுகிறோம்.

முதலில் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். டீசலில் சேர்ந்துள்ள நீரை வடித்துவிட வேண்டும். டீசல் குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். டர்போவை அடுத்த ரப்பர் குழாயில் வெடிப்பு இருப்பின், பாரத்துடன் ஏறுகையில் கரும்புகை மிகும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிதே.

குலுக்கல் நீடித்தால், எந்தச் சிலிண்டர் சரியாக இயங்கவில்லை என அறிய வேண்டும். பழைய லாரிகளில் மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பர்; எதனைத் தளர்த்தியும் எஞ்சின் ஓட்டம் மாறவில்லையோ, பழுது அந்தச் சிலிண்டரில். காமன் ரெயில் எஞ்சினில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. 1,000 பாரையும் கடக்கக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அங்கு ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவதே முறை. அளவு மிகுந்து வரும் இன்ஜெக்டரை மட்டும் கழற்றிச் சோதித்தால் போதும்; முழுத் தொகுப்பையும் மாற்றச் சொன்னால், காரணத்தையும் மதிப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரிகளில், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் சோதனைக்குப் பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். டிஇஎஃப் திரவம் தீர்ந்துபோனாலே இவ்வகை எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும்.