எவர்கிளேட்ஸ் வாசலில் சம்பங்கோரை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஓகிசோபி ஏரிக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. அதற்கும் தெற்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம். கரும்பு வயல்கள் பம்பு வைத்து வெளியேற்றும் வடிகால் நீர் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

எவர்கிளேட்ஸ் சத்துக் குறைவிலேயே செழித்த நிலம். அதன் நீரில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இயல்பாக லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டாது. ரம்ப விளிம்புள்ள ஒருவகைக் கோரை அதற்குப் பழகிப்போயிருந்தது. உர மிச்சமும், வடித்துக் காயவிட்ட கரிமண் மட்கி வெளிவிடும் சத்தும் வந்து சேர, சம்பங்கோரை அடர்ந்து பழைய கோரையைத் துரத்தியது. 1988-இல் மத்திய அரசே மாநில அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தது. 1994-இல் சிறப்புச் சட்டம் வந்தது.

அதன்படி வயலுக்கும் சதுப்புக்கும் நடுவே செயற்கைச் சதுப்புகளை அமைத்தார்கள். இன்று அவை 50,000 ஏக்கருக்கும் மேல். வடிகால் நீர் முதலில் சம்பங்கோரைப் பாத்திக்குள் நுழைகிறது. எவர்கிளேட்ஸைக் கெடுத்த அதே செடிதான் இங்கே காவல் நிற்கிறது. தண்டுகளுக்கிடையே நீரின் வேகம் தணிந்து வண்டல் படிகிறது. தண்டில் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படலம் சத்தை உறிஞ்சுகிறது. அடுத்த பாத்தியில் நீருக்கடியில் வளரும் செடிகள். பகல் வெயிலில் அவை ஒளிச்சேர்க்கை செய்யும்போது நீரின் காரத்தன்மை கூடுகிறது. அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். அது மணிச்சத்தையும் பிடித்துக்கொண்டு இலைமேல் வெண்படலமாகப் படிகிறது.

செடி சத்தைத் தின்று தீர்த்துவிடுவதாக நினைப்பது பெரிய தவறு. செடி சாகும், மட்கும். உறிஞ்சியதில் ஒரு பகுதி நீருக்கே திரும்பும். மட்காமல் அடியில் படிந்து சேறாகும் பகுதிதான் உண்மையான சேமிப்பு. பாத்தி வறண்டு சேறு வெடித்தால், மறுபடி நீர் பாயும்போது அந்தச் சத்து கரைந்து வெளியேறும். ஆகாயத்தாமரை மிதந்து பரவினால் அடியிலுள்ள செடிக்கு வெயில் கிடைக்காது. அதனால் இங்கே அதைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

செடியைவிட முக்கியம் வயல் என்பேன். மண்ணைப் பரிசோதித்து உரமிடுவது, மழைநீரை உடனே இறைக்காமல் நிறுத்திவைப்பது, வாய்க்கால் வண்டலை அள்ளுவது போன்ற வழிகளால் மணிச்சத்து வெளியேற்றத்தை 25 சதவீதமாவது குறைப்பது அந்தக் கரும்புப் பகுதிக்குச் சட்டப்படி கட்டாயம். பெரும்பாலான ஆண்டுகளில் அதைவிடக் கூடுதலாகவே குறைந்திருக்கிறது. வயலில் இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் எத்தனை ஆயிரம் ஏக்கர் சம்பங்கோரையும் திணறிப்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும், செயற்கைச் சதுப்புகளிலிருந்து வெளியேறும் நீர் எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் மணிச்சத்து அளவுக்கான இலக்கை எட்டிவிடவில்லை. பெருமழையில் நீர் ஒரேயடியாக வந்து பாத்திகளை மூழ்கடிக்கிறது, வறண்ட பருவத்தில் வராமல் காயவிடுகிறது. அதைச் சமாளிக்க, வெள்ளத்தைத் தேக்கிவைத்து அளவாகத் திறந்துவிட, சுமார் 15,000 ஏக்கரில் ஆழம் குறைந்த ஒரு தேக்கத்தை 2015-இல் கட்டி முடித்தார்கள்.