திரையில் விழும் தண்டனை

2007 ஆகஸ்ட் 30. டெல்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுகிறார் என்று ‘லைவ் இந்தியா’ தொலைக்காட்சி ரகசியக் கேமராக் காட்சிகளை ஒளிபரப்பியது. பள்ளி முன் கூட்டம் திரண்டு ஆசிரியையை அடித்தது, உடையைக் கிழித்தது. போலீஸ் கைது செய்தது. அரசு வேலையைப் பறித்தது. பிறகுதான் தெரிந்தது, மாணவியாகக் காட்டப்பட்ட பெண் அந்தப் பள்ளியில் படித்தவரே அல்ல. செய்தியாளர் கைதானார், சேனலுக்கு ஒரு மாதம் தடை. குற்றம் செய்யத் தூண்டிவிட்டுப் படம் பிடிப்பதை டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்தது.

அதற்காக ரகசியக் கேமராவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. 2005 டிசம்பரில், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய எம்.பி.க்களை ‘ஆஜ் தக்’ காட்டியது. அங்கேயும் பணத்தை நீட்டியவர்கள் செய்தியாளர்கள்தான். ஆனால் அம்பலமானது மக்கள் கொடுத்த பதவியை விற்ற செயல். நாடாளுமன்றக் குழு காட்சிகளை ஆராய்ந்தது. உறுப்பினர்களிடம் விளக்கம் கேட்டது. டிசம்பர் 23 அன்று 11 பேர் பதவி இழந்தார்கள். அங்கே அவமானம் விசாரணைக்கு வழிவிட்டது. டெல்லி ஆசிரியைக்கோ அதுவே தண்டனையாகிவிட்டது.

காஞ்சிபுரமும் இப்படித் திரையில் நடக்கும் விசாரணையைப் பார்த்த ஊர்தான். 2004 நவம்பரில், கோயில் மேலாளர் சங்கரராமன் கொலை வழக்கில் காஞ்சி சங்கர மடத்தின் தலைவர் ஜெயேந்திரர் கைதானதும் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் அதையே பேசின. 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் 23 பேரையும் விடுதலை செய்தது. மடாதிபதிக்கு வாதாட வக்கீல்கள் இருந்தார்கள். பக்கத்துத் திருப்புட்குழியில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் முகம் அப்படித் திரையில் வந்தால்? இந்த வட்டாரத்தில் கூலிக்கு நெய்பவரிடம் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். சேலையையும் எடை பார்த்தே வாங்குகிறார்கள். விலை உயர்ந்த சரக்கு அவர் வீட்டில் இருப்பது நம்பிக்கையின் பேரில்தான். பெயர் கெட்டால் தறிக்குப் பாவு வராது.

சரிகையைப் போலி என்று சொல்வதற்கே காஞ்சிபுரத்தில் கருவியில் வைத்து வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று சோதிக்கிறார்கள். மனிதரைப் போலி என்று சொல்ல அந்த அளவு பொறுமையாவது வேண்டாமா? ஒளிபரப்பும் முன் வெட்டாத முழுக் காட்சியைச் சேனலின் ஆசிரியர் குழு பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலும் அதே நிகழ்ச்சியில் வர வேண்டும். பொதுப் பதவியில் இல்லாதவரின் முகத்தை மறைக்க வேண்டும். செய்தி பொய்யானால், அதே நேரத்தில், அதே நீளத்துக்கு மன்னிப்பும் ஒளிபரப்பாக வேண்டும். அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் துணிச்சல் சேனல்களுக்கு அவசியம். எளியவரைத் தெருவில் நிறுத்தும் உரிமை எந்தச் சேனலுக்கும் கிடையாது.