முட்டுக் குளிசையும் முதுகெலும்பும்

நெடுந்தீவில் ஓர் ஆச்சி கிணற்றில் வாளி இழுத்த கையோடு "முதுகில பிடிச்சுப்போட்டுது" என்று திண்ணையில் சாய்ந்தால், நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிவிடுவார்கள். சில கிழமையில் நோவு தணியும், எல்லோரும் மறந்துபோவார்கள். ஆச்சிக்கு நெடுநாள் மூச்சு முட்டு வருத்தம் இருந்தால் மறக்கக் கூடாது. முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருக்கலாம். இப்படி நசுங்குவதில் பெரும்பாலானவை வைத்தியர் கண்ணில் படுவதே இல்லை. மெல்லக் கூன் விழும், சேலைக் கரை நிலத்தில் இழுபடும். நெஞ்சுக்கூடு ஒடுங்குவதால் ஏற்கெனவே முட்டுகிற மூச்சு இன்னும் முட்டும்.

காரணம் கேட்டால் வயதையும் புகையையும் காட்டுவார்கள். காட்டத்தான் வேண்டும். புகையிலை விளைந்த தீவுகள் இவை. சுருட்டுப் பிடித்த ஆச்சிமாரும் இருந்தார்கள். பன்னாடையும் ஊமலும் எரிந்த அடுப்படிப் புகை தனி. புகையிலை சுவாசப்பையோடு எலும்பையும் கெடுக்கும். சுவாசப்பையின் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. உடம்பு வற்றும், இளைக்குமென்று நடையும் வெயிலும் குறையும், விற்றமின் டியும் குறையும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இத்தனையும் ஒன்றாகச் சேரும்.

எனக்கு உறுத்துவது பிரெட்னிசொலோன் என்கிற சின்னக் குளிசை.

முட்டுக் கூடிய நேரத்தில் அது உயிர் காக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஸ்டீரொயிட் எலும்பு கட்டும் கலங்களை அடக்கும். குடல் கல்சியம் உறிஞ்சுவதைக் குறைத்து, உள்ளதைச் சிறுநீரில் கழியவிடும். வழமையான அளவு நாளுக்கு 40 மில்லிகிராம், 5 நாள். 5 மில்லிகிராம் குளிசையில் நாளுக்கு எட்டு. ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம். வருடத்தில் ஐந்து தடவை முட்டினால் 1 கிராம். ஆஸ்துமாக்காரரிடம் செய்த ஆய்வுகளில், வாழ்நாள் மொத்தம் அரைக் கிராமுக்கும் ஒரு கிராமுக்கும் இடையிலேயே பக்கவிளைவுகள் தலைகாட்டின.

இந்த மொத்தத்தை யார் கூட்டுகிறார்கள்? ஒரு தடவை தீவு ஆஸ்பத்திரி, அடுத்தது ஊர்காவற்றுறை, இன்னொன்று பட்டணத்துத் தனியார் வைத்தியர். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் படகு ஓடாத நாளில், தகரப் பெட்டிக்குள் மிஞ்சிக் கிடந்த குளிசை. தந்தவர் எவரும் 5 நாளுக்கு மேல் தரவில்லை, ஒருவர் தந்தது மற்றவருக்குத் தெரியவும் இல்லை. மாதக்கணக்கில் தினமும் விழுங்குபவருக்குத்தான் ஆபத்து, ஐந்து நாள் பெரிதல்ல என்கிற வைத்தியர்களும் உண்டு. ஐந்து நாள் ஐந்து நாளாகவே நின்றால் சரிதான்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியும் குளிசை எண்ணிக்கையும் எழுதப் பேரப்பிள்ளை போதும். மூச்சோடு இழுக்கும் பம்ப்பை, அதிலும் ஸ்டீரொயிட் என்று பயந்து, விடவேண்டாம். அதில் மருந்து மைக்கிரோகிராம் கணக்கு, விட்டால் முட்டுக் கூடிக் குளிசைதான் கூடும். மாதக்கணக்கில் குளிசை எடுத்தவர் தானாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பது குறைந்திருக்கும், மயங்கி விழலாம்.

உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். இளவயதைவிட 4 சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் முதுகுக்கு எக்ஸ்றே கேளுங்கள். நெஞ்சுக்கு எடுத்த பழைய படங்களையும் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் எடுத்தது ஒன்று இருந்தால், நசுங்கிய முள்ளெலும்பு அதிலேயே தெரியக்கூடும்.