வீடு விற்க உதவும் கமரா

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நான் பழகிய ஒரு தொழிலைப் பற்றி எழுதுகிறேன். மாவனல்லையில் காணி, வீட்டுத் தரகராக இருக்கும் என் சின்ன மாமாவுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் இருந்தது உம்மாவின் கைத்தொலைபேசி மட்டும்தான்.

ஐந்தாவது வீட்டில் ஒரு தவறு செய்தேன். வாசலுக்கு நேரே நின்ற மின்கம்பம் படத்தைக் கெடுப்பதாக எண்ணி, ஒரு செயலியால் அதை அழித்துவிட்டேன். படம் அழகாக இருந்தது. அதைப் பார்த்துப் புத்தளத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. இறங்கியதுமே அவர்கள் கம்பத்தைக் கண்டார்கள். வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிட்டார்கள். மாமா என்னை ஏசவில்லை. "மகள், அவங்கட வேன் கூலிக்கு யாரு பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றுதான் இத்தொழிலின் அடிப்படை எனக்கு விளங்கியது. எமது வாடிக்கையாளர் தரகர். அவருடைய முதலீடோ மக்கள் அவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கை. அதை உடைக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நட்டமே.

தரகருக்கு என்ன தேவை?

தரகருக்கு மாதச் சம்பளம் இல்லை. வீடு விலைப்பட்டால்தான் தரகுப் பணம் கிடைக்கும். அதுவரை விளம்பரச் செலவும் அலைச்சலும் அவருடையவை. ஒரே வீட்டை உரிமையாளர் பல தரகர்களிடம் சொல்லி வைப்பதும் உண்டு. முந்தி விளம்பரம் போடுபவருக்கே முதல் அழைப்பு வரும். ஆகவே சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். மறுநாளைக்குள் படங்களைக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வட்ஸ்அப்பில் அனுப்பச் சிறிய அளவிலும், இணையத்தளத்துக்கும் அச்சுக்கும் பெரிய அளவிலும் இரண்டு தொகுதிகளாகக் கொடுத்தால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.

எப்படி எடுப்பது?

கிழக்குப் பார்த்த வீட்டைக் காலையிலும் மேற்குப் பார்த்த வீட்டைப் பின்னேரத்திலும் எடுக்க வேண்டும். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் விறாந்தை இருண்டுவிடும். அறையின் மூலையில் நின்று, கமராவை ஏறத்தாழ நான்கடி உயரத்தில் மட்டமாகப் பிடியுங்கள். மேலோ கீழோ சாய்த்தால் சுவர்கள் சரிவது போலத் தோன்றும். முக்காலி இருந்தால் கை நடுங்காது. யன்னல் வெளிச்சம் அதிகமென்றால், ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படங்கள் எடுத்து ஒன்றாக்கலாம்.

அகலக் கோணத்தில் அவதானம் தேவை. பத்தடி அறையும் அதில் மண்டபம் போலத் தெரியும். அறையின் அளவைப் படத்தோடு எழுதிக் கொடுத்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். வெறும் காணியென்றால் எல்லைக்கல்லும் பாதையின் அகலமும் படத்தில் தெரிய வேண்டும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்று கணக்குச் சொல்லும். லொறி உள்ளே வருமா என்பதைப் படம்தான் சொல்லும்.

சிதறிக் கிடக்கும் பாத்திரங்களை ஒதுக்கலாம்; அது அலங்காரம். சுவர் வெடிப்பை அழிக்கக் கூடாது, அது மறைப்பு.

பெண்களுக்கு ஏற்ற தொழிலா?

ஆம் என்பேன். ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் ஓர் ஆண் படப்பிடிப்பாளரை உள்ளே விட எங்கள் வீட்டுப் பெண்கள் தயங்குவார்கள். என்னைக் குசினி வரை கூட்டிப் போனார்கள். அந்த நம்பிக்கைக்கும் ஒரு கடமை உண்டு. குடும்பப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஆவணங்கள், நகை அலுமாரி எதுவும் படத்தில் விழக் கூடாது. தனியாகப் போகாமல் உம்மாவையோ தரகரையோ துணைக்குக் கூட்டிப் போவதும் அவசியம்.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே கடன்பட்டு விலையுயர்ந்த கருவிகள் வாங்கத் தேவையில்லை. ஒரு தரகர், ஒரு கைத்தொலைபேசி, ஒரு முக்காலி போதும்.

அந்த ஐந்தாவது வீட்டை மறுபடியும் படமெடுத்தேன், கம்பத்தோடு. அடுத்து வந்த குடும்பம் கம்பத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், கோடையில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னது மாமாதான்.