திரும்பி இறங்காத விமானங்கள்

1992 ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 21 ஆம் தேதி, கலிபோர்னியாவின் கரைக்கு அப்பால் பசிபிக் மகாசமுத்திரத்தில் சென்றுகொண்டிருந்த அமெரிக்கக் கடற்படையின் 'ரேஞ்சர்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், அந்தக் கப்பல் பிறப்பதற்கு முன்னரே பிறந்துவிட்ட இரண்டு பழைய குண்டுவீச்சு விமானங்கள் தங்கள் இயந்திரங்களை முடுக்கிக்கொண்டு நின்றன. அவை 'பி-25 மிட்செல்' என்னும் ரகத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் தரைப்படையின் விமானப் பிரிவு உபயோகித்தவை. கப்பலில் வந்து இறங்கும் திறன் இல்லாதவையாதலால், பாரந்தூக்கியின் துணைகொண்டு தளத்தின் மேல் ஏற்றி வைக்கப்பட்டவை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விருந்தினர்கள் பார்த்திருக்க, ஜெட் விமானங்களை வீசியெறியும் நீராவிப் பொறியின் உதவி எதுவும் இன்றி, அவை தங்கள் சொந்த பலத்திலேயே தளத்தின் மீது ஓடி, ஒன்றன்பின் ஒன்றாக ஆகாயத்தில் ஏறின. ஏறிய பின்னர் அவை கப்பலுக்குத் திரும்பவில்லை. நேரே கரையை நோக்கிப் போய்விட்டன.

வெறும் வேடிக்கைக்காக நடந்த காரியம் அல்ல அது. ஐம்பது வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு சாகசத்தின் ஞாபகார்த்தமாகவே அந்த இரு மிட்செல்களும் அன்று பறந்தன. அந்தப் பழைய சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொன்னால்தான், பழைய போர் விமானம் ஒன்றைப் புதிய கப்பலிலிருந்து பறக்கவிடுவதில் எது சுலபம், எது அசாத்தியம் என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபின், ஜப்பானின் தலைநகர் மீதே குண்டு வீசவேண்டும் என்ற எண்ணம் அமெரிக்கர்களிடையே வலுத்தது. ஆனால் கப்பலிலிருந்து பறக்கும் கடற்படை விமானங்கள் அதிக தூரம் செல்லமாட்டா, அவற்றை அனுப்பவேண்டுமானால் கப்பல்கள் ஜப்பானியக் கரையை மிகவும் நெருங்கியாக வேண்டும், அது அபாயம். இந்த நிலையில், நார்போக் என்னும் ஊரில் தரையிலுள்ள ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் கப்பல் தளத்தின் உருவம் பயிற்சிக்காக வரையப்பட்டிருந்ததைக் கண்ட பிரான்சிஸ் லோ என்ற கடற்படை அதிகாரிக்கு, தரைப்படையின் பெரிய விமானங்கள் ஏன் இத்தகைய குறுகிய இடத்திலிருந்து கிளம்பக்கூடாது என்று தோன்றியது. அவ்வெண்ணத்தை டொனால்ட் டங்கன் என்ற மற்றோர் அதிகாரி கணக்குப் போட்டுத் திட்டமாக வகுத்தார். 1942 பிப்ரவரித் தொடக்கத்தில் இரண்டு மிட்செல்கள் 'ஹார்னெட்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து காட்டி, காரியம் ஆகக்கூடியதே என்பதை நிரூபித்தன. தலைமை வகிக்க ஜேம்ஸ் டூலிட்டில் என்னும் கீர்த்தி பெற்ற விமானி வந்து சேர்ந்தார். புளோரிடாவிலுள்ள எக்ளின் தளத்தில், ஹென்றி மில்லர் என்ற கடற்படை ஆசிரியரிடம், குறைந்த வேகத்தில், குறுகிய தூரத்தில், விமானத்தின் மூக்கை உயர்த்திக் கிளப்பும் வித்தையை அவருடைய வீரர்கள் கற்றார்கள்.

கிளம்பும் வித்தையை மட்டுமே கற்றார்கள். இறங்கும் வித்தையை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. மிட்செல்லின் சிறகு ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 67 அடிக்கு மேல் நீண்டது. கப்பலில் இறங்கும் விமானத்துக்கு இன்றியமையாத வால்கொக்கி அதற்குக் கிடையாது. அப்படி ஒரு கொக்கியை மாட்டினாலும் அந்த இழுப்பைத் தாங்கும்படி அதன் உடல் கட்டப்படவில்லை. ஆகவே, குண்டுகளை வீசியபின் சீன தேசத்துக்குப் பறந்துபோய் அங்கே இறங்குவது என்பதே ஏற்பாடு. இதற்கெனத் தேர்ந்த பதினாறு விமானங்களும் கலிபோர்னியாவின் அலமீடா துறையில் பாரந்தூக்கியால்தான் 'ஹார்னெட்' கப்பலில் ஏற்றப்பட்டன.

1942 ஏப்ரல் 18 ஆம் தேதி காலை, உத்தேசித்த இடத்துக்கு வெகு தூரம் முன்னதாகவே ஜப்பானியக் காவற்படகு ஒன்று கப்பல்களைக் கண்டுவிட்டது. இனித் தாமதிப்பதற்கில்லை என்று, ஜப்பானிலிருந்து ஏறத்தாழ 650 கடல் மைல் தூரத்திலேயே விமானங்களைக் கிளப்ப முடிவாயிற்று. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, கப்பலின் முன்புறம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, அலையின் நீர் தளத்தின் மேல் வந்து விழுந்தது. தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டிருந்தன. ஒன்று மூக்குச் சக்கரத்துக்கு, மற்றொன்று இடது சக்கரத்துக்கு. அவ்விரு கோடுகளையும் விட்டு விலகாமல் ஓடினால், வலது சிறகின் நுனிக்கும் தளத்தின் வலப்புறம் எழுந்து நிற்கும் கப்பலின் கோபுரத்துக்கும் நடுவே ஆறடி இடைவெளி மிஞ்சும். கொடி பிடித்து நின்ற அதிகாரி, முன்புறம் தாழ்ந்திருக்கும் தறுவாயில் விமானத்தை ஓடவிட்டு, அது தளத்தின் விளிம்பை எட்டும்போது முன்புறம் மேலே எழும்பும்படி அலையின் லயத்தைக் கணித்து ஒவ்வொன்றாக அனுப்பினார்.

முதலில் கிளம்பிய டூலிட்டிலுக்கு, பின்னால் மற்றப் பதினைந்து விமானங்களும் அடைத்து நின்றதால், ஓடுவதற்குக் கிடைத்த தூரம் 467 அடிதான். அவர் ஏறியதைக் கண்டபின் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. டெட் லாசன் என்ற விமானி, சிறகின் பின் விளிம்பிலுள்ள மடல்களைத் தாழ்த்தாமலேயே கிளம்பிவிட்டார். அவருடைய விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டியதும் நீர்மட்டத்தை நோக்கித் தாழ்ந்து, பின்னரே நிமிர்ந்தது. கடைசி விமானம் தயாராகிக்கொண்டிருக்கையில், வழுக்கும் தளத்தில் கால் தவறிய மாலுமி ஒருவர் சுழலும் விசிறியில் சிக்கி ஒரு கையை இழந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பதினாறும் ஆகாயத்தில் இருந்தன.

இவ்வளவு கனத்த விமானம் இவ்வளவு குறுகிய தூரத்தில் எப்படி எழும்பிற்று? பௌதிக சாஸ்திரம் இங்கே மிகவும் தயாளமாக நடந்துகொள்கிறது. விமானத்தைத் தூக்குவது அது தரையில் ஓடும் வேகமல்ல, சிறகின் மேல் காற்று ஓடும் வேகமே. பட்டம் விடும் சிறுவர்கள் காற்றுக்கு எதிர்முகமாக ஓடுவது இந்த உண்மையை அறிந்துதான். கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து செல்லும்போது, கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் ஒன்று சேர்ந்து, நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் சிறகுகளுக்கே கிட்டிவிடுகின்றன. எழும்புவதற்கு வேண்டிய வேகத்தில் பாதி இவ்விதம் இனாமாகக் கிடைத்துவிட்டதானால், மீதிப் பாதியைச் சம்பாதிக்க ஓடவேண்டிய தூரம் பாதியாகக் குறைவதில்லை. நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 'ரேஞ்சர்' ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள கப்பல். 1992 இல் பறந்த மிட்செல்களுக்குக் குண்டுச் சுமை கிடையாது, 1942 இல் ஒவ்வொரு விமானத்திலும் நிரப்பிய 1,141 காலன் பெட்ரோலும் கிடையாது. ஆதலால் அன்று கிளம்பியதில் விமானிகளின் நிதானத்துக்கு வேலை இருந்ததே தவிர, விதிக்கு வேலை இருக்கவில்லை என்று சொல்லலாம்.

இக்காலத்து விமானந்தாங்கிக் கப்பலில் உள்ள அற்புத சாதனங்களில் பெரும்பாலானவை பழைய விமானத்துக்குப் பிரயோஜனப்படா. நீராவிக் கவண்பொறி, முப்பது டன் எடையுள்ள ஜெட் விமானத்தின் மூக்குச் சக்கரத்துத் தண்டைப் பற்றி, சுமார் முந்நூறு அடிக்குள், இரண்டே விநாடிகளில் பறக்கும் வேகத்துக்குக் கொண்டுபோகும் வல்லமையுடையது. அத்தகைய தண்டு பழைய விமானங்களுக்குக் கிடையாது. யுத்தகாலத்துக் கடற்படை விமானங்களை வயிற்றின் அடியில் கம்பிக் கயிறு மாட்டியே இழுத்தார்கள். ஆகவே அவை தாமாக ஓடித்தான் கிளம்பவேண்டும்.

கிளம்புவது இவ்விதம் என்றால், இறங்குவது முற்றிலும் வேறு விஷயம். ஹெல்கேட், கோர்செயர், அவெஞ்சர் முதலிய கடற்படை விமானங்களுக்கு வால்கொக்கி உண்டென்பது உண்மையே. ஆனால் அவை பிறந்த காலத்துக் கப்பலின் தளம் நேரானது. தளத்தின் பின்கோடியில் இரு கைகளிலும் மட்டை ஏந்தி நின்ற அதிகாரி சைகை காட்ட, நீண்ட மூக்கு பார்வையை மறைக்குமாதலால் விமானி வளைந்து வளைந்து வந்து, அதிகாரி கையை வெட்டிக் காட்டியதும் இயந்திரத்தைத் தணித்து, கம்பியைப் பற்றி நின்றார். 1950களில் பிரிட்டிஷார் கண்டுபிடித்த சாய்வுத் தளமும், ஒளிகாட்டும் கண்ணாடியும் இந்த முறையையே தலைகீழாக மாற்றிவிட்டன. இன்றைய விமானி நேர்கோட்டில் வருகிறார்; சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் இயந்திரத்தைத் தணிப்பதற்குப் பதிலாக முழு வேகத்துக்கு முடுக்குகிறார், கொக்கி கம்பியைத் தவறவிட்டால் மீண்டும் எழும்பிப் போவதற்காக. தடுப்புக் கம்பிகளோ கனத்த ஜெட் விமானங்களை நிறுத்துவதற்கென்றே அமைந்தவை. அரை நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிய உலோக உடம்பை அந்த இழுப்புக்கு ஒப்புக்கொடுக்க, விமானத்தைக் கண்ணும் கருத்துமாய்க் காத்துவரும் எந்த உரிமையாளர்தாம் சம்மதிப்பார்?

எரிபொருளிலும் ஒரு தடை இருக்கிறது. இதைப் பலர் அறியமாட்டார்கள். பழைய இயந்திரங்களுக்கு உயர்ரகப் பெட்ரோல் வேண்டும். அந்தப் பெட்ரோலின் ஆவி எத்தகைய எமன் என்பதை யுத்தகாலத்திலேயே கப்பற்படைகள் கண்டுகொண்டன. 1942 இல் பவழக்கடல் சண்டையில் அமெரிக்காவின் 'லெக்ஸிங்டன்' கப்பல் மடிந்ததும், 1944 இல் ஜப்பானின் 'தைஹோ' மடிந்ததும், எதிரியின் வெடிகுண்டால் நேராக அல்ல, கப்பலுக்குள் பரவிய பெட்ரோல் ஆவி பற்றிக்கொண்டதாலேயே. எளிதில் தீப்பற்றாத ஜெட் எண்ணெய் வந்தபின், பெட்ரோல் கப்பலை விட்டுப் படிப்படியாக வெளியேறியது. அமெரிக்கக் கடற்படையில் கப்பலிலிருந்து பறந்த கடைசி பெட்ரோல் விமானமாகிய 'டிரேடர்' 1988 இல் ஓய்வு பெற்றது.

இறங்கவே முடியாது என்று இவ்வளவு சொன்ன பின், இறங்கிக் காட்டிய ஒருவரைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1975 ஏப்ரல் இறுதியில், சைகோன் வீழ்ந்துகொண்டிருந்த வேளையில், தென் வியட்நாம் விமானப்படையின் மேஜர் புவாங் லீ, இருவர் அமரும் 'பேர்ட் டாக்' என்ற சிறு விமானத்தில் தம் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேல் வந்து, 'மிட்வே' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறங்க இடம் தரும்படி வேண்டிக் கனம் கட்டிப் போட்ட சீட்டு ஒன்று தளத்தில் வந்து விழுந்தது. கப்பலின் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ், தளத்தில் நின்ற ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளும்படி உத்தரவிட்டார். கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பொறிகள் மாலுமிகளின் தோள்பலத்தால் நீரில் விழுந்தன. விமானத்தின் சக்கரம் தடுக்கிவிடக்கூடாதென்று தடுப்புக் கம்பிகளையும் கழற்றச் செய்தார். கப்பலைக் காற்றுக்கு எதிர்முகமாக விரையவிட்டார். சிறு விமானம் தளத்தைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, மாலுமிகள் ஓடிவந்து பிடிக்க, இடம் மிச்சமிருக்க நின்றது. கொக்கியும் கம்பியும் இல்லாமல் ஏழு உயிர்களை இறக்கி வைத்தது, டூலிட்டிலை ஏற்றி அனுப்பிய அதே எதிர்க்காற்றுதான். அந்த விமானம் இன்று பென்ஸகோலா நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழு உயிர்கள் பணயமாக இருந்தபோது செய்யத் தகுந்த அந்தக் காரியத்தை, ஒரு விழாவுக்காக எவரும் செய்யத் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது.

ரேஞ்சருக்குப் பின்னும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடந்தன. 1995 இல் யுத்தம் முடிந்த பொன்விழாவில், அதிபர் கிளிண்டன் முன்னிலையில், 'கார்ல் வின்ஸன்' கப்பலிலிருந்து யுத்தகால விமானங்கள் பறந்தன. 2001 இல் வெளியான 'பேர்ல் ஹார்பர்' திரைப்படத்துக்காக 'கான்ஸ்டலேஷன்' தளத்திலிருந்து மிட்செல்கள் கிளம்பின. 2020 இல் யுத்தம் முடிந்த 75 ஆம் ஆண்டு விழாவுக்கோ, பழைய விமானங்களை 'எஸெக்ஸ்' கப்பல் ஹவாய்க்குச் சுமந்துசென்று, பாரந்தூக்கியால் கரையில் இறக்கிவிட்டது. அவை பின்னர் தரையிலிருந்தே பறந்தன.

இவற்றுக்காகும் செலவும் சிரமமும் தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. தகும் என்பதே என் துணிபு. புத்தகத்தில் 467 அடி என்று படிப்பதும், கண்ணெதிரே ஒரு மிட்செல் கடலின் விளிம்பை நோக்கி ஓடுவதைப் பார்ப்பதும் ஒன்றாகா. ஆனால் ஞாபகார்த்தம் செய்கிறவர்கள் கதையில் பாதியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அன்று கிளம்பிய பதினாறில், ருஷ்யாவில் இறங்கிய ஒன்றைத் தவிர மற்றவை யாவும் சீனத்து நிலத்திலோ கரையோரத்திலோ நொறுங்கின. எண்பது வீரர்களில் மூவர் அப்போதே மாண்டனர். சிறைப்பட்ட எண்மரில் மூவர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறையில் இறந்தார். தப்பியவர்களை ஒளித்துவைத்துச் சோறிட்டு வழியனுப்பியவர்கள் சீனத்துக் கிராம மக்கள். அதற்குப் பழிவாங்க ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்ஸி மாகாணங்களில் நடத்திய சங்காரத்தில் மாண்டவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்ற மதிப்பீடு உண்டு. கப்பல் தளத்தில் நடக்கும் விழாக்களில் அந்த மக்களையும் பெயர் சொல்லி வணங்கவேண்டும். அவர்கள் இல்லாமல் டூலிட்டிலின் கதைக்குப் பிற்பகுதியே இல்லை.

எண்பது வீரர்களில் கடைசியாக எஞ்சியிருந்த, டூலிட்டிலின் துணை விமானியாகிய ரிச்சர்ட் கோல், 2019 இல் தமது 103 ஆவது வயதில் காலமானார். 'ரேஞ்சர்' 1993 இல் ஓய்வு பெற்றது. அதுவும் 'கான்ஸ்டலேஷ'னும் டெக்ஸாஸ் மாகாணத்துப் பிரௌன்ஸ்வில் நகரில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. அவற்றைவிட வயதில் மூத்த மிட்செல்கள் சில டஜன் இன்னும் பறக்கும் நிலையில் இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும், பறக்கத் தெரிந்த விமானிகளும் இருக்கும் இக்காலத்திலேயே, கடற்படையார் மனமிரங்கி, இன்னும் ஒரு முறையேனும் தங்கள் தளத்தை அவற்றுக்குத் திறந்துவிட வேண்டும்.