பூச்சியத்துக்கு இடப்பக்கம்

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் குறை எண்களுக்கு விதி வகுத்தபோது அவற்றைக் கடனாகவும் மிகை எண்களைச் செல்வமாகவும் கொண்டார். இன்றும் பல வகுப்புகளில் குறை எண் கடனாகத்தான் அறிமுகமாகிறது. கூட்டலுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் −7, −3 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் பிள்ளைகள் −7 என்பார்கள். ஏழு ரூபாய்க் கடன் மூன்று ரூபாய்க் கடனைவிடப் பெரிதுதானே! எண்கோட்டில் இந்தக் குழப்பம் வராது: வலப்பக்கம் இருப்பதே பெரிது. ஐந்து கெஜம் முன்னே போய் எட்டு கெஜம் பின்வாங்கியவர் எங்கே நிற்பார் என்று 1685-இல் வெளிவந்த இயற்கணித நூலில் ஜான் வாலிஸ் கேட்டதும் இதே நோக்கில்தான். கோடு, குறை எண்ணுக்கு நிற்க ஓர் இடம் தருகிறது.

ஆகவே வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, பிள்ளைகளை அதன்மேல் நடக்கவிட வேண்டும். முதலில் பூச்சியத்தைக் குறிப்பது நல்லது. இடது ஓரத்திலிருந்து −1, −2, −3 என்று எழுதிக்கொண்டு வருவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. −1 பூச்சியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நிற்கிற புள்ளியையே ‘ஒன்று’ என எண்ணிவிடுவது இன்னொரு பிழை. எண்ண வேண்டியது தாண்டும் இடைவெளிகளை, புள்ளிகளை அல்ல.

கழித்தலில்தான் கோட்டின் முழுப் பயனும் தெரிகிறது. ‘கழித்தல் என்றால் திரும்பி நில், குறை எண் என்றால் பின்னோக்கி நட’ என்று சொல்லித் தருவதுண்டு. விடை சரியாகவே வரும். ஆனால் மனப்பாடம் செய்ய இன்னொரு விதி சேர்ந்துவிடுகிறது. அதைவிட, கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணுவதுபோல, கழிக்கும் எண்ணிலிருந்து மற்ற எண்ணுக்குப் போகச் சொல்லலாம். 3 − (−2) என்றால் −2-இல் நின்று 3-க்கு நட: வலப்பக்கம் ஐந்து அடி, விடை +5. (−2) − 3 என்றால் 3-இல் நின்று −2-க்கு நட: இடப்பக்கம் ஐந்து அடி, விடை −5. எட்டிலிருந்து ஐந்தைக் கழிக்கவும் இதே நடைதான்.

பெருக்கலுக்கு இந்தக் கோடு உதவாது என்பார்கள். குறையைக் குறையால் பெருக்கினால் ஏன் மிகை வருகிறது என்பதைக் கோடு நிறுவாது, உண்மைதான். ஆனால் 3 × (−2), 2 × (−2), 1 × (−2), 0 × (−2) ஆகியவற்றின் விடைகளைக் குறித்தால் −6, −4, −2, 0 என ஒவ்வொன்றும் இரண்டிரண்டு அடி வலப்பக்கம் நகர்வது தெரியும். அடுத்து (−1) × (−2) எங்கே விழும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் கடைசிவரை கோட்டையே நம்பியிருப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்குச் சில வாரங்களில் எண்களை அழித்துவிட்டு, பூச்சியம் மட்டும் குறித்த வெறுங்கோட்டுக்கு மாறலாம். −48-இலிருந்து 27-க்குப் போக எத்தனை அடி? பூச்சியம் வரை 48, அங்கிருந்து 27, மொத்தம் 75. இதற்கு நோட்டில் கையால் இழுத்த ஒரு கோடே போதும்.