அறமும் தொழில் முனைவும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கர்நாடக மாநிலத்தை ஒட்டி அமைந்த ஊர் தளி. ஓசூருக்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இவ்வூர் இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதியும் இங்குக் குளிர்ச்சி நிலவும். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இதனைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைப்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இவ்வூரின் தெருக்களில் ஒருங்கே ஒலிக்கும். கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைந்த செம்மண்ணில் இன்று பசுமைக்குடில்கள் எழுந்துள்ளன. அவற்றினுள்ளே ரோசா மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. இந்திய இசுரேல் கூட்டுத் திட்டத்தின்கீழ்க் கொய்மலர்களுக்கென ஒரு மகத்துவ மையமும் தளியில் அமைந்துள்ளது. வடக்கே ஓசூரின் ஆலைகள். தெற்கே யானைகள் உலவும் சவளகிரிக் காடுகள். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறது தளி.

இவ்வூர்ப் பகுதியில் மலரும் ஒரு ரோசாவின் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நாற்று, உரம், மருந்து, கூலி, குளிர்பதன வண்டி ஆகியவற்றின் செலவை உழவர் தம் ஏட்டில் எழுதுகிறார். பெங்களூருச் சந்தையில் கிடைக்கும் விலையையும் எழுதுகிறார். விலையிலிருந்து செலவைக் கழித்தால் எஞ்சுவது இலாபம். ஆனால் நிலத்தடியிலிருந்து இறைத்த நீருக்கு அவ்வேட்டில் இடம் உண்டோ? பூச்சிமருந்து தெளித்த தொழிலாளியின் நுரையீரலுக்கு இடம் உண்டோ? வழித்தடம் குறுகியதால் வயலுக்குள் இறங்கும் யானைக்கு இடம் உண்டோ? இவை ஏட்டில் ஏறாச் செலவுகள். இவற்றை யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள் செலுத்தியே ஆக வேண்டும்.

இச்செலவுகளையும் கணக்கில் கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய வணிகவியல் ஆராய்ச்சியின் தலையாய வினாக்களுள் ஒன்று. நெடுங்காலம் அறிஞர் பலர், முதலீடு செய்தவர்க்கு இலாபம் ஈட்டித் தருவதே தொழிலின் கடமை என்று கருதினர். 1984-ஆம் ஆண்டில் எட்வர்டு ஃபிரீமன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் நூலில் வேறொரு கருத்தை விளக்கினார். தொழிலாளர், வாங்குவோர், பொருள் வழங்குவோர், ஊரார் ஆகிய அனைவரும் ஒரு தொழிலால் நன்மையோ தீமையோ அடைகின்றனர். ஆதலின் அவர் அனைவர்க்கும் அத்தொழில் கடமைப்பட்டது என்பது அக்கருத்து. ஐக்கிய நாடுகள் அமைத்த புருண்ட்லாண்டு ஆணையம் 1987-இல், வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு விளைக்காமல் இக்காலத் தேவைகளை நிறைவு செய்வதே நிலைத்த வளர்ச்சி என்று வரையறுத்தது. நம் உழவர்க்கு இது புதிய செய்தி அன்று. பஞ்ச காலத்திலும் விதைநெல்லை உண்ணாது காத்த குடிகளின் அறிவே அது.

நூல்களில் உள்ள கருத்து நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதை அறிய, தளியிலிருந்து வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஃபிரீமனின் நூல் வெளிவந்த அதே 1984-ஆம் ஆண்டில், டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் கைக்கடிகார ஆலை ஓசூரில் எழுந்தது. கடிகாரம் செய்தறியாத அப்பகுதியில், பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர் இளைஞரையே தேர்ந்து பயிற்சி அளித்தனர். உடற்குறை உடையோர்க்கும் அவ்வாலையில் பணி கிடைத்தது. நுண்ணிய வேலைக்கு வேண்டுவன பொறுமையும் கூர்ந்த நோக்கும் அல்லவா? அவை அவர்களிடம் நிறைந்திருந்தன.

அக்காலத்தில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. தமிழகத்தில் அரசின் துணையுடன் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதல் தோன்றியதும் தருமபுரி மாவட்டத்திலேதான். வாரந்தோறும் சிறுதொகை சேமித்து, தமக்குள்ளே கடன் கொடுத்து, வட்டிக்கடைக்காரரிடமிருந்து மீண்ட பெண்கள் அடுத்த படியை நோக்கினர். 1990களில், மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன், ஓசூர்ப் பகுதிச் சிற்றூர்ப் பெண்கள் 'மெடோ' என்னும் தொழிலமைப்பை உருவாக்கினர். கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டையில் கண்ணிகளைக் கோக்கும் வேலையை டைட்டன் நிறுவனம் அவர்களிடம் ஒப்படைத்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்பெண்கள் பெற்றது நன்கொடை அன்று, வேலை. அவர்கள் கூலியாட்களாக மட்டும் நிற்கவில்லை. தம் அமைப்பின் உரிமையாளரும் ஆயினர். ஆலைக்குத் தரமான பொருள் உரிய காலத்தில் கிடைத்தது; சிற்றூர்க் குடும்பங்களுக்கு வருவாய் கிடைத்தது. இரு சாராரும் பயன் பெற்றமையால் அவ்வுறவு நிலைத்தது. எனினும், வாங்குவோர் ஒருவரையே நம்பி நிற்கும் தொழில், அவர் வாங்குவதை நிறுத்தினால் என்னாகும் என்னும் வினாவும் உடன் எழுகிறது. நல்ல முயற்சியின் நிறையைப் போலவே அதன் குறையையும் எடைபோடுவதே ஆராய்ச்சியின் பணி.

அறம் பிழைத்த தொழிலின் விளைவையும் தமிழகம் கண்டுள்ளது. பழங்காலத்தில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினர். பின்னர்க் குரோமியம் கலந்த முறை பரவியது, வேலை விரைந்து முடிந்தது, ஏற்றுமதியும் பெருகியது. ஆனால் கழிவுநீர் பாலாற்றிலும் அதன் கரையிலுள்ள நிலங்களிலும் கலந்தமையால் கிணறுகளும் வயல்களும் கெட்டன. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்றும், தீங்கு நேருமுன் காப்பதே கடன் என்றும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஏட்டில் ஏறாதிருந்த செலவு நீதிமன்றத்தின் வாயிலாக ஏட்டில் ஏறிற்று.

ஓசூர்ப் பகுதியும் இவ்வச்சத்திற்கு விலக்கன்று. கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணையாறு, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடையுமுன் நகரக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து வருகிறது. அவ்வணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை மலைபோல் பொங்கியதை அண்மை ஆண்டுகளில் மக்கள் பலமுறை கண்டனர். மாநில எல்லை மண்ணில் உண்டு, நீரில் இல்லை. மேலே உள்ளவர் செய்யும் பிழைக்குக் கீழே உள்ள உழவர் விலை கொடுக்கிறார்.

திருப்பூரின் வரலாறு இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. நொய்யலாற்றைச் சாயக்கழிவு கெடுத்தமையால், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அங்குள்ள சாய ஆலைகள் மூடப்பட்டன. பின்னர், கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத சுத்திகரிப்பு முறையைக் கைக்கொண்ட ஆலைகள் மீண்டும் இயங்கின. தூய்மையாக்கிய நீரையும் பிரித்தெடுத்த உப்பையும் அவ்வாலைகள் மறுபடியும் பயன்படுத்துகின்றன. செலவு மிகுந்த முறையே அது. ஆயினும் ஆற்றைக் கெடுத்தபின் மீட்க ஆகும் செலவினும் அது சிறிதே.

இந்நாளில் சட்டமும் தொழிலின் கடமையை உணர்த்துகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்திய 3 ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமுதாய நலனுக்குச் செலவிடல் வேண்டும். இது நன்றே. ஆனால் நூற்றுக்கு 2 பங்கைக் கொடுத்தவர், அந்த நூறையும் எவ்வழியில் ஈட்டினார் என்பதே அறம் கேட்கும் முதற் கேள்வி. ஆற்றில் நஞ்சைக் கலந்துவிட்டு, கரையில் தண்ணீர்ப் பந்தல் அமைப்பது அறமாகுமோ? இலாபம், மக்கள், புவி என்னும் மூன்றையும் கணக்கிடுக என்று 1994-இல் கூறியவர் ஜான் எல்கிங்டன் என்னும் ஆங்கிலேயர். தம் கருத்தைப் பலர் வெறும் கணக்கு முறையாகவே கொண்டனர் என வருந்தி, 2018-இல் அவரே அதனை மறுஆய்வுக்கெனத் திரும்பப் பெற்றார். ஏடு எழுதுவதால் மட்டும் நடத்தை மாறாது என்பது இதனால் விளங்கும்.

தமிழர் வணிகத்தைப் பழித்தவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. திருக்குறளும் அறத்துப்பாலை முன்வைத்துப் பொருட்பாலை அதன்பின் வைத்தது. அறம் என்பது பொருள் ஈட்டியபின் மிச்சத்தில் செய்யும் செயல் அன்று. ஈட்டும் வழியிலேயே அமைய வேண்டியது என்பதற்கு அம்முறைவைப்பே சான்றாகும்.

தளிப் பகுதியில் இன்று பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியருட் சிலர் நாளை தொழில் முனைவோர் ஆவர். அவர்கள் ரோசாத் தோட்டம் அமைக்கலாம், ஆலை நடத்தலாம். ஏட்டைத் திறக்கும்போது நீருக்கும் தொழிலாளிக்கும் காட்டிற்கும் பின்வரும் தலைமுறைக்கும் அதில் இடம் ஒதுக்குவாராயின், அவர் ஈட்டும் பொருள் அவர்க்கும் பயன்படும், ஊர்க்கும் பயன்படும். அத்தகைய தொழிலே நிலைபெறும்.